ஜியூ இப்போனில் சரியாக விழும் கவுண்டர் ஃப்ரீ ஸ்பாரிங்கில் ஏன் தாமதமாகிறது?

கோவைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஷோட்டோகான் பாணி கராத்தே, பிரவுன் பெல்ட். அடுத்த தேர்வில் ஜியூ இப்போன் குமிட்டே இருக்கிறது, அதாவது ஒருவர் அறிவித்துவிட்டு ஒரே அடி அடிக்க, மற்றவர் தடுத்துக் கவுண்டர் (திருப்பி அடி) கொடுக்கும் இணைப் பயிற்சி. பயிற்சியில் பெரிய சிக்கல் இல்லை. எதிரில் நிற்பவர் "ஜோடான்" (முகத்துக்கு) என்று சொல்லி ஓய் சுக்கி (ஓர் அடி முன்வைத்துக் குத்தும் பஞ்ச்) அடிக்கிறார். நான் பின்னால் போய் ஏகே உகே (மேல்நோக்கித் தடுக்கும் பிளாக்) போடுகிறேன், கியாக்கு சுக்கி (பின்கைப் பஞ்ச்) விழுகிறது, திரும்பவும் தூரம் எடுத்துக்கொள்கிறேன். மாஸ்டரும் நன்றாக இருக்கிறது என்கிறார்.

ஃப்ரீ ஸ்பாரிங்கில் இதில் எதுவுமே வருவதில்லை. என் பிளாக் முடிந்து கை கிளம்பும்போது எதிராளி ஏற்கெனவே வெளியே போய்விட்டிருக்கிறார். சில சமயம் அவருடைய இரண்டாவது பஞ்ச் என் கவுண்டருக்கு முன்னால் வந்துவிடுகிறது. நண்பர் எடுத்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். பிளாக்குக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு நிறுத்தம் தெளிவாகத் தெரிகிறது.

கிளாஸில் ஒருவர் "இன்னும் வேகமாக அடி" என்கிறார். இன்னொருவர் "பிளாக்கே வேண்டாம், நேராக அடி" என்கிறார். இது வேகத்தில் இருக்கிற குறையா, தூரத்தில் இருக்கிற குறையா? இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவாசல் எழுதியது:

தம்பி, உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் உன்னை அடிக்கிறவரைப் பார். பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இணைப் பயிற்சி கெட்டுப்போவது பெரும்பாலும் அடிப்பவர் பக்கத்தில்தான். நீ எப்படியும் பின்னால் போவாய் என்று அவருக்குத் தெரியும். பிளாக் வரும் என்றும் தெரியும். அதனால் அவருடைய முஷ்டி உன் முகத்துக்கு வராமல், முகத்துக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற காலி இடத்துக்கு வரும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. உன்மேல் பட்டுவிடக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நல்லெண்ணத்தில் உன் டைமிங் முழுக்க வீணாகிறது.

அடுத்த கிளாஸில் இதைச் செய்து பார். நீ தற்காப்புப் பக்கம் நில். பிளாக் வேண்டாம், அசையவும் வேண்டாம். அவரை முழு ஓய் சுக்கியை மெதுவாக அடிக்கச் சொல். முஷ்டி உன் தாடையைத் தொடும்போது அவருடைய முழங்கை இன்னும் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கை முழுக்க நீண்ட பிறகும் தாடைக்கு எட்டவில்லை என்றால் நீங்கள் இருவரும் நிற்கிற தூரமே பொய்.

அந்தப் பொய்த் தூரத்தில் நீ என்ன செய்கிறாய் என்று யோசி. ஏற்கெனவே எட்டாத ஒரு பஞ்சுக்காக ஒரு முழு ஜென்குட்சு (நீண்ட முன் ஸ்டான்ஸ்) நீளம் பின்னால் போகிறாய். உன் ஏகே உகே, உன்னைத் தொடவே போகாத ஒரு கையைத் தூக்கிவிடுகிறது. இப்போது உனக்கும் அவருக்கும் நடுவே இரண்டு இடைவெளிகள் சேர்ந்துவிட்டன: அவர் குறைத்து அடித்தது ஒன்று, நீ அதிகமாகப் போனது இன்னொன்று. கியாக்கு சுக்கி அவ்வளவு தூரத்தையும் கடக்க வேண்டும். பயிற்சியில் அவர் கையை நீட்டியபடி சிலை மாதிரி நின்று உனக்காகக் காத்திருக்கிறார், அதனால் எட்டிவிடுகிறாய். ஸ்பாரிங்கில் யார் காத்திருப்பார்கள்? நீ கேட்ட நிறுத்தம் கையில் பிறக்கவில்லை, காலில் பிறக்கிறது.

ஆகவே வேகத்தை இப்போதைக்கு விடு. அவர் உண்மையாக எட்டும்படி அடிக்கட்டும், தோலில் நிறுத்தட்டும். நீ பாதி அடி மட்டும் பின்னால் போ. பிளாக் முடிகிற இடத்தில் உன் கியாக்கு சுக்கி, உடம்பு முன்னால் சாயாமல், இடுப்புத் திருப்பத்தில் மட்டுமே அவர் நெஞ்சைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால் நீ அதிகமாகப் போய்விட்டாய் என்று அர்த்தம். பின்காலை எவ்வளவு எடுத்துவைக்கிறாய் என்பதைக் கவுண்டர் எட்டுகிறதா என்பதை வைத்து முடிவு செய்.

ஸ்கோர்போர்டு எழுதியது:

தெற்குவாசல் மாஸ்டர் சொன்னது பயிற்சிக்குச் சரி. ஆனால் அடிப்படைக் கேள்வி வேறு. இன்றைய போட்டியில் யார் ஒரு முழு அடி எடுத்து ஓய் சுக்கி அடிக்கிறார்கள்? யாரும் ஜோடான் என்று அறிவித்துவிட்டு வருவதில்லை. இரண்டு பேரும் எட்டாத தூரத்தில் துள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் உள்ளே பாய்வார், கிசாமி சுக்கி (முன்பக்கக் கைப் பஞ்ச்), தொடர்ந்து கியாக்கு சுக்கி, உடனே வெளியே. அதற்குப் பழகாமல் இப்போன் குமிட்டேயையே செய்துகொண்டிருந்தால் ஸ்பாரிங் வராது.

2021 ஆகஸ்டில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோ இறுதிப் போட்டியைப் பாருங்கள். இத்தாலியின் லூய்ஜி பூசா, அஜர்பைஜானின் ரஃபேல் அகாயேவ். அந்த எடைப் பிரிவில் பல வருடம் மோதிக்கொண்ட இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள். முடிவு 1-0. மூன்று நிமிட ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி. இரண்டு பேருக்கும் கை வராமல் இல்லை. இரண்டு பேருமே தூரத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எதிராளி எட்டும் இடத்துக்கு வரும் அந்த நொடியில்தான் ஏதாவது நடக்கும். அதைப் பிடிக்கத்தான் பயிற்சி வேண்டும்.

நான் பசங்களுக்குத் தருவது இது. ஒருவர் கிளவுஸ் போட்ட முன்பக்கக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்வார். இன்னொருவர் அதே தூரத்தைக் காத்தபடி கூடவே நகர்வார். முதலாமவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அடி உள்ளே வந்தால் மற்றவர் பின்னால் போகக்கூடாது, அந்த இடத்திலேயே கியாக்கு சுக்கி. வந்த காலடி தரையைத் தொடுவதற்குள் கை தொட வேண்டும். இதில் பிளாக் கிடையாது.

நீலமலை எழுதியது:

நான் வாடோ-ரியூ பாணி. ஸ்கோர்போர்டு அண்ணன் சொல்வதும் தெற்குவாசல் சார் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. இருவரும் வேறு வேறு நேரத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

ஒரே ஓய் சுக்கியை மூன்று நேரங்களில் எதிர்கொள்ளலாம். அடி முழுதாக வந்து முடிகிறது, வாங்கிவிட்டுத் திருப்பி அடிக்கிறோம்: கோ நோ சென். அடி வந்துகொண்டிருக்கும்போதே நாமும் உள்ளே போகிறோம், நம் கை முதலில் சேர்கிறது: சென் நோ சென். அவர் உடம்பு கிளம்புவதற்கு முன்னால், அடிக்கத் தீர்மானித்த அந்தக் கணத்திலேயே நாம் போகிறோம்: சென் சென் நோ சென். பள்ளிக்குப் பள்ளி பெயரில் சிறு வேறுபாடு உண்டு, விஷயம் இதுதான்.

கோவைக்காற்று செய்வது கோ நோ சென், அதிலும் இரண்டு தாளத்தில். "பிளாக்" ஒன்று, "அடி" இரண்டு. வாடோவில் ஆரம்பத்திலிருந்தே அந்த இரண்டை ஒன்றாக்கத்தான் பாடுபடுகிறோம். வாடோவை நிறுவிய ஓட்சுகா ஹிரோனோரி, ஷோட்டோகானை நிறுவிய ஃபுனாகோஷியிடம் கராத்தே கற்கும் முன்பே ஷிண்டோ யோஷின்-ரியூ ஜுஜுட்சு கற்றவர். அதனால் அவர் அமைத்த 10 கிஹோன் குமிட்டேயில் (அடிப்படை இணைப் பயிற்சிகளில்) வரும் கையை இடித்து நிறுத்துவது குறைவு. உடம்பை ஒரு பக்கம் திருப்பி அடியை வழுக்கிப் போகவிட்டு, அதே திருப்பத்தில் நம் கை உள்ளே போகும். அடி என் காது ஓரமாகப் போகும்போது என் முஷ்டி அவர் விலாவில் இருக்கும். நடுவில் நிறுத்தம் வர இடமே இல்லை.

இதை ஷோட்டோகான்காரர்களும் செய்யலாம். ஏகே உகே போடும் கை மேலே ஏறும்போதே மற்ற கை கிளம்பட்டும். ஆரம்பத்தில் இரண்டும் சேர்ந்து முடியாது, பிளாக் அரைகுறையாக இருக்கும். பரவாயில்லை. நேராகப் பின்னால் போகாமல் 45 டிகிரி வெளிப்பக்கமாகக் காலை நகர்த்தினால் அந்த அரைகுறை பிளாக் போதும், ஏனென்றால் தலை ஏற்கெனவே கோட்டை விட்டு விலகிவிட்டது.

கோவைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். "கராத்தேயில் முதல் அடி கிடையாது" என்று ஃபுனாகோஷி சொன்னதை எங்கள் டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அப்படியிருக்க, எதிராளி கிளம்புவதற்கு முன்னால் அடிப்பது அதற்கு முரண் இல்லையா?

பழையபக்கம் எழுதியது:

முரண் இல்லை. அது சண்டையை நீ தொடங்காதே என்கிற நெறி. எதிரே இருப்பவன் அடிக்கத் தீர்மானித்துவிட்டான் என்றால் தொடக்கம் அவனுடையது. அவன் முஷ்டி பாதி வழி வரும்வரை நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஃபுனாகோஷி கேட்கவில்லை.

இந்தப் பயிற்சிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் குழப்பம் பாதி தீரும். ஃபுனாகோஷி 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்தபோது அவர் முக்கியமாகக் கற்றுக்கொடுத்தது கட்டா, அதாவது தனியாகச் செய்யும் அசைவு வரிசை. பல்கலைக்கழக மாணவர்கள்தான் அதிகம் சேர்ந்தார்கள். அவர்களில் பலருக்கு ஜூடோவும் கெண்டோவும் தெரியும். எதிரில் ஆள் இல்லாமல் எத்தனை நாள் காற்றைக் குத்துவது என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. 1930களில் இணைப் பயிற்சிகள் படிப்படியாக உருவாயின. ஐந்து அடி பின்வாங்கும் கோஹோன், மூன்று அடிக்கு சன்போன், ஒரே அடிக்கு கிஹோன் இப்போன், பிறகு இருவரும் கமாயில் (தயார் நிலையில்) சுதந்திரமாக நகர்ந்து செய்யும் ஜியூ இப்போன். ஃபுனாகோஷியின் மகன் யோஷிதாகாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. நீண்ட, தாழ்ந்த ஸ்டான்ஸ்களும் அவர் காலத்தில்தான் வேரூன்றின.

என் கருத்து என்னவென்றால், அந்த நீண்ட தூரத்தில் கெண்டோவின் வாசனை இருக்கிறது. ஒரே அடியில் பாய்ந்து வெட்டும் தூரத்தை வெறுங்கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதே காலத்தில் டோக்கியோவில் இருந்த இன்னொரு ஒகினாவா ஆசான் மோட்டோபு சோகியைப் பார்த்தால் தூரம் முற்றிலும் வேறு. 1926இலேயே இணைப் பயிற்சிகளைப் படங்களோடு நூலாக வெளியிட்டவர் அவர். அந்தப் படங்களில் இருவரும் கை எட்டும் இடத்தில் நிற்கிறார்கள். முன்கைதான் தடுக்கிறது, அதே முன்கைதான் அடிக்கிறது. பின்கை இடுப்பில் உட்கார்ந்திருக்காமல் முன்கைக்குப் பக்கத்திலேயே காத்திருக்கிறது. இரண்டும் கணவன் மனைவி போல் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும் என்பது அவர் பாடம்.

ஆக, ஒவ்வொரு இணைப் பயிற்சியும் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கான விடை. கோஹோனில் பழகிய தூரத்தை வைத்து ஃப்ரீ ஸ்பாரிங்கில் நின்றால் நடப்பது நம்மவருக்கு நடந்ததுதான்.

ஸ்டாப்வாட்ச் எழுதியது:

எண்களில் சொல்லிப் பார்க்கிறேன். கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அசையத் தொடங்க, எளிய சூழ்நிலையிலேயே சுமார் 0.2 நொடி ஆகும். இது எதற்காகக் காத்திருக்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கும்போது. என்ன வரும் என்று தெரியாமல் பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் நேரம் கூடுகிறது. தெரிவுகள் பெருகப் பெருக எதிர்வினை நேரம் எப்படிக் கூடுகிறது என்பதை வில்லியம் ஹிக் 1952லேயே அளந்து காட்டிவிட்டார்.

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய அரை நொடிகூட ஆகாது. பந்தைப் பார்த்து மட்டுமே ஆடுவதென்றால் பெரும்பாலான ஷாட்கள் சாத்தியமில்லை. பந்து வீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு எல்லாம் பந்து கிளம்பும் முன்பே பேட்ஸ்மேனுக்குச் செய்தி சொல்லிவிடுகின்றன. குமிட்டேயும் அதேதான். முஷ்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் தாமதம்தான். நெஞ்சுக்கு மேல், கழுத்துக்குக் கீழ் பார்வையை லேசாக வைத்துக்கொண்டு இடுப்பும் தோளும் அசைவதை ஓரக்கண்ணில் பிடிக்க வேண்டும்.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வருவோம். நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்ததாக இருந்தால் 0.2 நொடி என்பது 6 ஃப்ரேம். போனில் 120 ஃப்ரேமில் எடுத்தால் 24. எதிராளியின் முதல் அசைவுக்கும் உங்கள் முதல் அசைவுக்கும் நடுவே எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். 30 ஃப்ரேம் வீடியோவில் 6, 7 வந்தால் உண்மையில் பார்த்து எதிர்வினை செய்கிறீர்கள். 2 அல்லது 3 வந்தால், ஊகித்துக் கிளம்புகிறீர்கள். அவருக்கு முன்னாலேயே நீங்கள் அசைந்திருந்தால், "ஜோடான்" என்ற குரலுக்குத்தான் உங்கள் கால் பழகியிருக்கிறது. ஃப்ரீ ஸ்பாரிங்கில் அந்தக் குரல் இல்லை.

கோவைக்காற்று எழுதியது:

ஸ்டாப்வாட்ச் சொன்னபடி இந்த வாரம் எடுத்துப் பார்த்தோம். ஆச்சரியமாக இருந்தது. பெரும்பாலான முறை என் பின்கால், எதிராளி கிளம்புவதற்கு முன்பே தரையில் தேயத் தொடங்கிவிடுகிறது. தொழில்நுட்பத்தை அறிவித்துவிட்டு அவர் மூச்சை இழுக்கிறார். அந்த மூச்சோடு நானும் கிளம்பிவிடுகிறேன்.

தெற்குவாசல் சார் சொன்ன சோதனையையும் செய்தோம். அசையாமல் நின்றேன். சார் சொன்ன மாதிரியே, கை முழுக்க நீண்டும் முஷ்டி தாடைக்கு நாலு விரற்கடை குறைவாகவே நின்றது. பிறகு பார்ட்னர் அரை அடி நெருங்கி நின்று மறுபடியும் அடித்தார். அந்தத் தூரத்தில் பாதி அடி மட்டும் பின்வாங்கினால் கவுண்டர் தானாகப் போய்ச் சேர்கிறது. ஆனால் ஒன்று, இருவருக்குமே பயமாக இருக்கிறது. அவருக்கு என் பல்லை உடைத்துவிடுவோமோ என்று, எனக்கு அடி வாங்கிவிடுவோமோ என்று. பயத்தில் மறுபடியும் தூரம் தானாகவே கூடிவிடுகிறது.

மழைநாள் எழுதியது:

அந்தப் பயம் இருக்க வேண்டியதுதான். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் எடுக்கிறேன். உண்மையான தூரத்துக்கு வரும்போது முதலில் கற்றுக்கொடுப்பது நிறுத்துவதைத்தான். எட்டும்படி அடிப்பவருக்கு நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். எட்டாமல் அடித்துப் பழகியவர்களுக்கு நிறுத்தவே தெரியாது, ஏனென்றால் அவர்கள் எதையும் நிறுத்தியதே இல்லை. ஸ்பாரிங்கில் ஒருநாள் தூரம் தப்பிவிட்டால் முழு அடியும் விழுந்துவிடும்.

உயர்ந்த மட்டத்திலும் இது நடக்கிறது. அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதி. சவுதியின் தாரிக் ஹமிதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். அவர் விட்ட தலை உதை ஈரானின் சஜாத் கஞ்ச்ஜாதேவின் மேல் கட்டுப்பாடு இல்லாமல் விழுந்தது. கஞ்ச்ஜாதே மயங்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். ஹமிதி தகுதி நீக்கம் செய்யப்பட்டு, தங்கம் கஞ்ச்ஜாதேவுக்குப் போனது. அந்த உதையின் டைமிங் அபாரம். தூரத்தில்தான் சில அங்குலம் தப்பியது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் பலர் தீர்ப்பைத் திட்டினார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. தொட்டு நிறுத்துவதையே திறமையாக வைத்திருக்கும் ஆட்டத்தில், நிறுத்தத் தவறியதைப் புள்ளியாகக் கொடுக்க முடியாது.

உங்கள் பயத்துக்கு வழி: முதல் சில வாரம் முகத்தை விட்டுவிடுங்கள். சூடான் (நெஞ்சு, வயிறு) மட்டும். வயிற்றில் லேசாகப் படட்டும், வாங்கிப் பழகுங்கள். பல்காப்பும் கிளவுஸும் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்பவர் பாதி வேகத்தில், ஆனால் முழுத் தூரத்துக்கு. வேகத்தைக் குறைக்கலாம், தூரத்தைக் குறைக்கக்கூடாது. எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு நான் முஷ்டியே கொடுப்பதில்லை. திறந்த கையால் எதிராளியின் தோளைத் தொட வேண்டும், தன் தோளைத் தொடவிடக்கூடாது. கொஞ்சம் பெரியவர்களுக்கு முழங்காலையும் சேர்ப்பேன். அதில் அவர்கள் கற்றுக்கொள்ளும் தூரம், பிறகு கிஹோன் இப்போனுக்கு வரும்போது அப்படியே உதவுகிறது.

வடகரை எழுதியது:

கோஜு-ரியூ பக்கத்திலிருந்து ஒன்று மட்டும். நீங்கள் எல்லோரும் கவுண்டர் போய்ச் சேரும்வரைதான் பேசுகிறீர்கள். சேர்ந்த பிறகு என்ன? தெற்குவாசல் சொன்ன உண்மையான தூரத்தில் பிளாக் போட்டால் இரண்டு முன்கைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடுதலை ஏன் விடுகிறீர்கள்? எங்கள் காகியே பயிற்சியில் மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியபடியே தள்ளி இழுத்துப் பழகுகிறோம். தொட்டுக்கொண்டிருக்கும் கை, கண்ணைவிட முன்னதாகச் சொல்லும். அவர் கையை இழுக்கத் தொடங்கினால் தோல் வழியாகவே தெரிந்துவிடும், அந்த இழுப்போடு நாமும் உள்ளே போய்விடலாம். ஹிக்கிதே (இடுப்புக்கு இழுக்கும்) கை காற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்புக்கு வர வேண்டியதில்லை. அவருடைய ஸ்லீவையோ மணிக்கட்டையோ பிடித்துக்கொண்டு வந்தால் அவர் எப்படி வெளியே போவார்?

அடித்தவர் சிலை மாதிரி நிற்பதுதான் எனக்கும் பெரிய குறை. அடி முடிந்ததும் அவர் கையை இழுக்கட்டும், முடிந்தால் இன்னொன்றும் அடிக்கட்டும்.

ஸ்கோர்போர்டு எழுதியது:

பிடிப்பதைப் பற்றி வடகரை சொன்னது டோஜோவுக்குச் சரி. போட்டியில் பிடித்து வைத்துக்கொண்டால் நடுவர் விடமாட்டார். தம்பி போட்டிக்கும் போகிறவராக இருந்தால் இரண்டையும் பிரித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் "அடித்தவர் இன்னொன்றும் அடிக்கட்டும்" என்பதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த இரண்டாவது அடிக்குப் பயந்துதான் கவுண்டர் சீக்கிரம் வரும். மழைநாள் சொன்ன வேகம், தூரம் வரியை எங்கள் பசங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

தெற்குவாசல் எழுதியது:

நல்ல பேச்சு. தம்பி தேர்வு எழுதப் போகிறவன் என்பதால் அவனுக்கு உதவும்படி கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓய் சுக்கி வரும்போது அடிப்பவர் எங்கே மாட்டிக்கொள்கிறார்? பின்கால் கிளம்பி முன்காலைக் கடக்கிறது அல்லவா, இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அந்த இடம். அங்கே உடம்பு முழுதும் ஒற்றைக்காலில். எடை முன்னால் விழுந்துகொண்டிருக்கிறது. அவரால் நிற்கவும் முடியாது, திசை மாற்றவும் முடியாது. அடியோ இன்னும் முழு நீளம் வரவில்லை. நீலமலை சொன்ன சென் நோ சென்னுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. இரண்டாவது நேரம், அவர் அடி முடிந்து கால் தரையில் பதியும் கணம். மூன்றாவது, அவர் கையையும் காலையும் பின்னால் இழுத்துக்கொள்ளும்போது. ஃப்ரீ ஸ்பாரிங்கில் நீ பிடிக்க முயன்றுகொண்டிருந்தது இந்த மூன்றாவதைத்தான். அதற்கு அவரைத் துரத்தும் கால் வேண்டும். உன் காலோ அப்போது பின்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் போகிற எடையை நிறுத்தி முன்னால் திருப்புவதற்குள் அவர் போய்விட்டார்.

ஆகவே மூன்றையும் தனித்தனியாகப் பழகு. ஒரே பார்ட்னர், ஒரே ஓய் சுக்கி. முதலில் கால் பதியும் கணத்தில். பின்காலில் எடை உட்கார்ந்துவிடாமல், அழுத்திய காலிலிருந்தே இடுப்பு திரும்ப வேண்டும். அது வந்த பிறகு பாதங்கள் சந்திக்கும் கணத்தில். இதற்குப் பின்னால் போகவே கூடாது, அரை அடி முன்னால் அல்லது வெளிப்பக்கம். மூன்றாவதைக் கடைசியில் வைத்துக்கொள்.

அறிவிப்பையும் படிப்படியாக எடுத்துவிடு. இன்று என்ன அடி என்று தெரியும், எப்போது என்று தெரியாது: சொல்லிவிட்டு அவர் விருப்பப்படி காத்திருந்து அடிக்கட்டும், அந்த மூச்சிழுப்பையும் மறைக்கட்டும். அடுத்து ஜோடானா சூடானா என்று சொல்லாமல் இரண்டில் ஒன்று. அதற்கும் அடுத்து மாய் கெரியும் (முன் உதை) சேர்த்து மூன்றில் ஒன்று. தெரிவு கூடும்போது நீ தாமதிப்பாய், ஸ்டாப்வாட்ச் சொன்ன கணக்கு அது. அப்போது வேகத்தைத் தேடாதே. தூரத்தை அரை விரல் கூட்டிக்கொள், நேரம் கிடைக்கும். தூரமும் நேரமும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக்கூடியவை.

தேர்வில் பார்ப்பவர்கள் பெரிய தொழில்நுட்பத்தை எதிர்பார்ப்பதில்லை. அடிப்பவராக நீ நிற்கும்போது உன் அடி எட்டுகிறதா, தூரத்தை நீயே எடுத்துக்கொள்கிறாயா என்று பார்ப்பார்கள். பலர் தற்காப்பை மட்டும் பழகிவிட்டுப் போய் இங்கே கோட்டைவிடுகிறார்கள். தற்காக்கும்போது முன்கூட்டியே அசைகிறாயா, கவுண்டர் சாயாமல் எட்டுகிறதா, எட்டிய பிறகு ஜான்ஷினோடு (விழிப்பு குறையாமல்) தூரம் எடுக்கிறாயா என்று பார்ப்பார்கள். கவுண்டர் அடித்துவிட்டு எதிராளியிடமிருந்து கண்ணை எடுத்துவிட்டு நடந்து போவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே மனம் கஷ்டப்படும். அந்த இடத்தில்தான் அடுத்த அடி வரும்.

கோவைக்காற்று எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி சார். எங்கள் மாஸ்டரிடமும் இந்த வரிசையைக் காட்டினேன், கிளாஸிலேயே செய்யலாம் என்றார்.

ஒரு கடைசிக் கேள்வி. மாய் கெரிக்குத் தூரம் எப்படி? கையைவிடக் கால் நீளம் என்பதால் பாதி அடி பின்வாங்கினால் உதை வயிற்றில் வந்துவிடுகிறது. முழு அடி போனால் பழைய கதைதான். கெடான் பராயில் (கீழ்நோக்கித் தடுக்கும் பிளாக்) முன்கை எலும்பு அவர் கணைக்கால் எலும்பில் மோதி வீங்கியும் போகிறது.

நீலமலை எழுதியது:

தம்பி, மாய் கெரிக்கு நேர்கோட்டில் நிற்காதீர்கள். முன்காலை 45 டிகிரி அவருடைய வெளிப்பக்கமாக வையுங்கள், பின்கால் தானாக வந்து சேரும். இடுப்பு திரும்பினாலே உதை வயிற்றைத் தாண்டிப் போய்விடும். கெடான் பராயை இடிக்கப் பயன்படுத்த வேண்டாம், கணுக்காலுக்கு மேலே பக்கவாட்டிலிருந்து தடவித் தள்ளிவிட்டால் போதும். உதைத்த கால் தரையிறங்கும் கணத்தில் அவர் எடை முழுதும் உங்கள் பக்கம் சரிந்து வரும், அப்போது கியாக்கு சுக்கி. அவருடைய விலாப்பக்கம் அப்போது திறந்தே இருக்கும்.

தெற்குவாசல் எழுதியது:

நீலமலை சொன்னதுதான் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்: வெளிப்பக்கம் போகும்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள். கால் இறங்கியதும் சிலர் அதே பக்கக் கையால் உடனே முகத்துக்கு அடிப்பார்கள். தடவிய கை கீழேயே தங்கிவிடாமல் மேலே வர வேண்டும். முதலில் சுவரோரமாக நின்று, பின்வாங்க இடமே இல்லாமல் பழகிப் பார். தேர்வு முடிந்ததும் எப்படிப் போனது என்று எழுது.